புதுப்பிப்பு: போர்டிகோவில் திண்ணை, அதற்கடியில் சாமான் வைக்க இடம்

மேடவாக்கத்தில் எங்கள் புது வீட்டு முன்பக்கம் திண்ணை கட்டி, அதற்கடியில் செருப்பு, தோட்டச் சாமான், பெயின்ட் டப்பா வைக்க இடம் பண்ணலாமா என்று கேட்டிருந்தேன். கட்டி முடித்து ஒரு மழைக்காலமும் போய்விட்டது. பதில் சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

செட்பேக் இடத்தில் (வீட்டுக்கும் மனை எல்லைக்கும் நடுவில் விதிப்படி காலியாக விட வேண்டிய இடம்) கூரை எழுப்பாதீர்கள் என்று நீங்கள் சொன்னதைக் கேட்டு, ஏற்கெனவே இருந்த போர்டிகோவுக்குள்ளேயே கட்டினோம்.

உண்மையில் கைகொடுத்தது, திண்ணையை வீட்டுச் சுவரோடு பிணைக்க வேண்டாம் என்ற யோசனைதான். எங்கள் பக்கம் களிமண். மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். வீடும் திண்ணையும் ஒரே அளவு இறங்காது, சேர்த்துக் கட்டினால் விரிசல் விடும். மேஸ்திரி நடுவில் அரை அங்குலத் தெர்மாகோல் வைத்து, மேல் விளிம்பில் இடைவெளியை அடைக்கும் சீலன்ட் பசை அடித்தார். செங்கல் கால், மேலே கடப்பா கல், கரையானுக்குப் பயந்து அலுமினியக் கதவு. இதுவரை மயிரிழை விரிசல்கூட இல்லை.

எதிர்பாராதது ஈரம். ஐப்பசி மழையில் உள்ளே புழுங்கி, உரச் சாக்கில் பூஞ்சை பிடித்துவிட்டது. அப்புறம் கதவின் மேலும் கீழும் காற்றுப் போக ஜாலி (துளைத் தட்டி) வைத்தோம், சரியாகிவிட்டது.

காஸ் சிலிண்டரை மட்டும் இதற்குள் வைக்காதீர்கள். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தாழ்வான மூடிய இடத்தில் தேங்கி நிற்கும். எங்கள் சிலிண்டர் பின்பக்கம் திறந்த வெளியில்தான் இருக்கிறது.