ஏற்காட்டில் பழைய தேக்கு ஜன்னலுக்குப் படகு வார்னிஷ் ஆகுமா?

ஒண்டிக்கடை வீடு:
ஏற்காட்டில் ஒண்டிக்கடைக்கு மேலே தாத்தா காலத்து ஓட்டு வீடு. வராண்டா கைப்பிடி, ஜன்னல் கதவுகள், வாசல் நிலை எல்லாமே தேக்கு. கைப்பிடியில் போன தடவை அடித்த வார்னிஷ் பாம்புச்சட்டை மாதிரி உரிகிறது. ஜன்னல்களில் அடுக்கடுக்காகப் பச்சைப் பெயின்ட். அம்மா, நாங்கள் ரெண்டு பேர், நாலு வயசுப் பையன், எல்லாரும் குடியிருக்கும்போதே வேலை நடக்கணும். சேலத்தில் இறங்கி வாடகைக்கு வீடு பிடிக்க முடியாது.

வந்து பார்த்த பெயின்டர் மெலமைன் அடிக்கலாம் என்கிறார். கொச்சி மரினாவில் (படகுத் துறையில்) பாய்மரப் படகிலேயே குடியிருக்கும் நண்பர், "படகுக்கு அடிக்கிற ஸ்பார் வார்னிஷைத் தவிர வேற எதையும் தொடாதே" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பாய்மரம்:
முதலில் மெலமைனைத் தள்ளுங்கள் தம்பி. அது வீட்டுக்குள் இருக்கும் அலமாரிக்கு. காய்ந்தால் விறைத்துவிடும். மரம் மழையில் ஊதி வெயிலில் சுருங்கும்போது கூட அசையத் தெரியாமல் வெடிக்கும், அந்த வெடிப்பில் தண்ணீர் இறங்கும்.

நண்பர் சொல்வதுதான் சரி. நானும் படகில் குடியிருந்து, மேல்தளத்துத் தேக்கையெல்லாம் கையாலேயே செய்தவன். ஸ்பார் வார்னிஷில் எண்ணெய்ப் பங்கு அதிகம், அதனால் மரத்தோடு வளையும். புற ஊதாக் கதிரைத் தாங்கும் சரக்கும் கலந்திருக்கும்.

பழையதை அடிமரம் வரை சுரண்டி 80, 120, 180 நம்பர் என்று சொரசொரப்பைக் குறைத்துக்கொண்டே உப்புத்தாள் போடுங்கள். தேக்குக்குள்ளேயே ஒரு எண்ணெய்ப் பசை உண்டு. அடிப்பதற்குச் சற்று முன்பு அசிட்டோன் துணியால் துடைக்காவிட்டால் வார்னிஷ் பிடிக்காது. முதல் கோட்டில் பாதிக்குப் பாதி தின்னர் கலந்து மரத்துக்குள் இறக்கணும். அப்புறம் தின்னரைக் குறைத்துக்கொண்டே வரணும். கோட்டுக்குக் கோட்டு 220, 320 தாளில் லேசாக ஒரு தேய்ப்பு. ஆறு கோட்டுக்குக் குறைந்தால் வெளியில் நிற்காது.

செவ்வாய்பேட்டை ஆசாரி:
ஆறு கோட்டுங்களா! ஏற்காட்டுல எந்த மாசத்துல அடிக்கறதா உத்தேசம்?

ஜூன்ல தென்மேற்கு ஆரம்பிக்கும், அது ஓயறதுக்குள்ள வடகிழக்கு வந்துரும். மார்கழி, தைன்னா காலைல பனி விலகவே நேரமாகும், சாயங்காலம் சீக்கிரமே மறுபடி இறங்கிரும். காயாத வார்னிஷ் மேல பனி பட்டா மங்கிப்போயிரும், திரும்பத் தேய்க்கணும். மிஞ்சறது பிப்ரவரியிலேர்ந்து ஏப்ரல் வரைக்கும் தான். மே மாசம் கோடை மழை, கோடை விழாக் கூட்டம், ஆளே கிடைக்காது.

இன்னொண்ணு. அவர் கைப்பிடியில உரிஞ்ச வார்னிஷை எடுத்து அடிப்பக்கம் பாக்கச் சொல்லுங்க. மெல்லிசா மர நாரு ஒட்டியிருக்கும். வார்னிஷ் கெடலைங்க, அது பிடிச்சிட்டிருந்த மரம் கெட்டுப்போச்சு. மரம் வெளிய தெரியுதுன்னா வெளிச்சமும் உள்ள போகுதுன்னு தானே அர்த்தம்? நாரை ஒட்டி வெச்சிருக்கற லிக்னின் வெயில்ல பொடிஞ்சிரும். அதைத் தடுக்கறது நிறமி. அதனால கலர் கலந்த மர எண்ணெய் ரெண்டு கோட்டு போதும். அது மேல படலமா நிக்காது, அதனால உரியாது. மங்கினா கழுவிட்டு இன்னொரு கோட்டு.

பாய்மரம்:
எண்ணெய் என்றால் வருஷா வருஷம் பிரஷைத் தூக்கணும், அதைச் சொல்ல மாட்டேன் என்கிறீர்களே ஆசாரி. கடலில் அடிக்கிற வெயிலும் உப்பும் உங்கள் மலையில் கிடையாது. அங்கேயே நிற்கும் வார்னிஷ் இங்கே நிற்காதா?

செவ்வாய்பேட்டை ஆசாரி:
உப்பு இல்லை, ஒத்துக்கறேன். வெயில் விஷயம் அப்படி இல்லைங்க. 1000 மீட்டர் மேல போனா புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். ஏற்காடு கிட்டத்தட்ட 1500 மீட்டர். குளிரா இருக்கறதால வெயில் தெரியறதில்லை, அவ்வளவுதான்.

படகுக்காரங்க வருஷா வருஷம் மேல ஒரு கோட்டு போடறதில்லையா? நீங்களே சொல்லுங்க சார்.

பாய்மரம்:
போடுவோம். இல்லை என்று சொல்லவில்லை. அடிபட்ட இடத்தில் அன்றைக்கே சின்ன டப்பாவிலிருந்து எடுத்துத் தொட்டுவைப்போம், ஓரம் தூக்கினால் அங்கே மட்டும் தேய்த்து நிரப்புவோம். கைப்பிடிகளுக்குத் துணியுறை தைத்து மாட்டிவிடுவதும் உண்டு. வெயிலே படாத வார்னிஷ் பல வருஷம் இருக்கும்.

காப்பிக்காடு:
உறை போட்டு மூடின கைப்பிடியை யார் பாக்கறது அண்ணா? குரங்கு ஒரே நாள்ல கிழிச்சு சில்வர் ஓக் உச்சியில தொங்கவிட்டுடும்.

நீங்க ரெண்டு பேரும் பளபளப்பைப் பத்தியே பேசறீங்க. அந்த வீட்டுல நாலு வயசுக் குழந்தை இருக்கு. தாத்தா காலத்துப் பச்சைப் பெயின்ட்ல ஈயம் இருக்கறதுக்கு வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயின்ட்ல ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்துல 90 பங்கு) மேல இருக்கக் கூடாதுங்கற விதி 2016-ல தான் வந்தது, 2017 நவம்பர்லேர்ந்து தான் அமல். அதுக்கு முந்தின அடுக்கையெல்லாம் மெஷின் வெச்சு உலர்வா தேய்ச்சா அந்தத் தூசு படுக்கை, பாத்திரம் வரைக்கும் போகும். குழந்தை மூளையைத்தான் முதல்ல பாதிக்கும். தண்ணி தெளிச்சு ஈரமா சுரண்டணும், கீழ பாலிதீன் விரிக்கணும், சுரண்டினதை மூட்டை கட்டணும். பெயின்டைத் தீயில காட்டி உரிக்கவே கூடாது, ஈயம் புகையா வரும்.

ஆசாரி அண்ணனுக்கும் ஒண்ணு. எண்ணெய்னதும் கடையில ஆளிவிதை எண்ணெயைக் குடுத்துருவாங்க. ஏற்காட்டு ஈரத்துல அது கரும்பூஞ்சைக்குத் தீனி. அது தோய்ஞ்ச துணியைச் சுருட்டி மூலையில போட்டா, காயறப்ப வர்ற சூட்டுல தானா தீப்பிடிக்கும். குடியிருக்கற வீட்டுல தண்ணி வாளியில முக்கித்தான் வெக்கணும்.

செவ்வாய்பேட்டை ஆசாரி:
துணி விஷயம் நூத்துக்கு நூறு சரிங்க தங்கச்சி. பூஞ்சைக்கொல்லி சேர்த்த வெளிப்புற எண்ணெயாப் பாத்து வாங்கணும், அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

பாய்மரம்:
தூசைப் பற்றிச் சகோதரி சொன்னதோடு எனக்கு வாதமில்லை. பல மரினாக்களில் தூசு உறிஞ்சி இணைக்காமல் மெஷினை ஓட்டவே விடமாட்டார்கள். தம்பி, ஈரமாகச் சுரண்டி முடித்த பிறகும் கொஞ்சம் தேய்க்க வேண்டியிருக்கும், உறிஞ்சி இல்லாமல் தொடாதீர்கள்.

ஆனால் ஒரு கேள்வி. பழைய தேக்கு ரேகையை நிறமிக்குள் புதைக்கத்தான் இவ்வளவு பாடா? அப்படியென்றால் பெயின்டே அடித்துவிட்டுப் போகலாமே.

காப்பிக்காடு:
அடிக்கட்டுமே! வெயிலுக்கு அதைவிடத் தாங்கறது எதுவும் கிடையாது. மலையில பாதிப் பங்களாக்கள்ல ஜன்னல் பச்சையா இருக்கறது சும்மாவா?

ஒண்டிக்கடை வீடு:
மூவருக்கும் நன்றி. படித்துவிட்டு இப்படி யோசிக்கிறேன்: ஜன்னலுக்கு ஈரமாகச் சுரண்டிப் பெயின்ட், மழையும் வெயிலும் நேரே படும் கைப்பிடிக்கு எண்ணெய், ஓட்டுச் சரிவுக்குள் இருக்கும் வாசல் நிலைக்கு மட்டும் ஸ்பார் வார்னிஷ். சந்தேகம் ஒன்று. ராத்திரி குளிருக்கும் குரங்குக்கும் ஜன்னலைச் சாத்தியே ஆகணும். காயாத கதவைச் சாத்தினால் நிலையோடு ஒட்டிக்கொள்ளாதா?

பாய்மரம்:
ஒட்டும். காலையில் பிரித்தால் பெயின்டோடு வரும். படகில் மூடிகளுக்கும் இதே தலைவலிதான். ஒரு நேரத்தில் ஒரு ஜன்னல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவைக் கழற்றிக் கூரைக்குள் கொண்டுபோய்ச் செய்யுங்கள், திறந்து கிடக்கும் ஜன்னல் இடத்தில் பிளைவுட் பலகையை வெட்டி மாட்டுங்கள். மறைப்பு டேப்பை வெயிலில் நாள்கணக்கில் விடாதீர்கள், பசை மரத்திலேயே தங்கிவிடும்.

கைப்பிடி விஷயத்தில் நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. கை படும் இடம், ரேகை தெரிய வேண்டிய இடம் அதுதான். என் வீடாக இருந்தால் வார்னிஷ்தான்.

செவ்வாய்பேட்டை ஆசாரி:
உங்க வீடா இருந்தா நீங்க தொட்டுவைப்பீங்க சார். அவருக்கு ஆபீஸ் இருக்கு. வார்னிஷ் ஓரம் ஒரு தடவை தூக்கினதை ரெண்டு மழை கவனிக்காம விட்டா உள்ள கறுத்துரும், மறுபடி அடிமரம் வரைக்கும் போகணும்.

தம்பி, கதவைக் கழட்டறப்ப தலைகீழாத் திருப்பிக் கீழ் விளிம்பைப் பாருங்க. முக்கால்வாசி ஜன்னல்ல அங்க யாரும் பிரஷே வெச்சிருக்க மாட்டாங்க. சட்டக்கட்டையோட வெட்டு முகம் அங்கதான் இருக்கு, தண்ணி உறிஞ்சறது அந்த வழியாத்தான். மூணு நாலு தடவை நல்லா குடிக்கக் குடிக்க அங்க பெயின்டை விட்டுட்டு, அப்புறம் முன்பக்கத்துக்கு வாங்க. துருப்பிடிச்ச ஆணியையும் பிடுங்கிட்டுப் பித்தளை ஸ்குரு போடுங்க. இரும்பு ஈரத்தோட சேர்ந்தா தேக்குல கறுப்புக் கறை இறங்கும்.

ஒண்டிக்கடை வீடு:
இப்போதுதான் ஒரு கதவைக் கழற்றித் திருப்பினேன். கீழ் விளிம்பில் பெயின்டே இல்லை. ஒரு மூலையில் விரல் இறங்குகிறது.

செவ்வாய்பேட்டை ஆசாரி:
எவ்வளவு ஆழம் இறங்குது? ஒரு அங்குலத்துக்குள்ளன்னா அந்த மூலையை மட்டும் வெட்டிப் பழைய தேக்குல துண்டு வெச்சு ஒட்டலாம். போட்டோ போடுங்க, பெயின்ட் வாங்க இன்னிக்குப் போகாதீங்க.