மறுமொழி: நச்சுரல் ரைட்ஸ் – "இயல்புரிமை" என்டு வைப்பமா?

வணக்கம் அண்ணை, மற்ற எல்லாருக்கும்,

நச்சுரல் ரைட்ஸ் (natural rights), அதாவது அரசு தராமலே மனுசராப் பிறந்த எல்லாருக்கும் இரிக்கிற உரிமை, அதுக்குத் தமிழ்ச் சொல்லா "பிறப்புரிமை"யே போதும் என்டு அண்ணை எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன், மனம் ஒப்பல்ல. மட்டக்களப்புப் பக்கம் பிறப்பால வாற உரிமை என்டா சனத்துக்கு முதல்ல ஞாபகம் வாறது குடிதான், தாய்வழியா வாற குடி, கோயில்ல எந்தக் குடிக்கு வண்ணக்கர் (கோயில் நிர்வாகி) பதவி, எந்தத் திருவிழா ஆருக்கு என்டுற விசயம். அது அந்தக் குடியில பிறந்தவருக்கு இரிக்கும், பக்கத்து வளவுக்காரருக்கு இராது. இங்கிலாந்துத் தத்துவஞானி ஜோன் லொக் 1689ல வெளியிட்ட புத்தகத்துல சொன்ன உயிர், சுதந்திரம், சொத்து எண்டது ஆருக்கும் பொது. "இயற்கை உரிமை"யும் சரிவராது, தென்னமெரிக்காவில எக்குவடோர் நாடு 2008 அரசியலமைப்புல இயற்கைக்கே உரிமை குடுத்திரிக்கு, அதுக்குத்தான் அந்தச் சொல் வேணும்.

"அடிப்படை உரிமை" ஏற்கெனவே இலங்கைட 1978 அரசியலமைப்பு 3ஆம் அத்தியாயத்துக்குப் போயிட்டு. அதுல உயிர்வாழும் உரிமைக்குத் தனி உறுப்புரையே இல்ல, உயர் நீதிமன்றம் பிறகு தீர்ப்புலதான் எடுத்துச் சொன்னது. எழுதாத காலத்திலயும் அது மனுசரோட இருந்தது தானே?

உரிமை அரசுக்கு முந்தியே இரிக்கு என்டா, அப்ப அரசாங்கம் எதுக்கு என்டு தங்கச்சி கேட்டிருந்தா. சிறுபோகத்தில மேல் வயல்காரர் ராவைக்கு வாய்க்கால்ல வைக்கோலையும் சேத்தையும் போட்டு அடைச்சா, கீழ் வயல்ல வெள்ளாமை வெடிச்சுக் கிடக்கும், நான் மண்வெட்டியோட போனா நானே வழக்காளி நானே நீதவான், அது வெட்டுக்குத்துலதான் முடியும். வயலுக்குத் தண்ணி முறை பாக்கிற வட்டவிதானை வந்து டோச் அடிச்சுப் பாத்து, இண்டைக்கு முறை ஆருக்கு என்டு சொல்லி, அடைப்பை எடுப்பிச்சு விடுவார். எல்லாருக்கும் தெரிஞ்ச முறை, பக்கம் சாயாத ஆள், சொன்னதைச் செய்விக்கிற பலம்: அரசில்லாட்டி இல்லாமப்போகும் என்டு லொக் சொன்ன மூண்டும் இதுதான். ஆனா அந்த வெள்ளாமை நான் உழைச்சது, வட்டவிதானை தந்ததில்ல.

அதால சொல்லோட சேந்து வாற வினையையும் பாக்கோணும். "அரசு வழங்கும் இயல்புரிமை" என்டு ஒருத்தரும் எழுதப்படாது, "காக்கும்" என்டுதான் எழுதோணும். வழங்கினது என்டா திருப்பி எடுக்கலாம் என்டு வந்திரும். 1990 செப்டம்பர் 5 மட்டக்களப்பு வந்தாறுமூலை அகதி முகாம்ல இருந்து இராணுவம் கொண்டுபோய்க் காணாமப்போன 158 பேர்ட உரிமை ஆரும் குடுத்து வாங்கினது இல்ல, அதை இந்தச் சொல்லு சொல்லோணும் எனக்கு.

"இயல்பு" குணத்தைத்தானே குறிக்கும் என்டு அண்ணை தயங்குவீங்க, ஆனா தண்ணி பள்ளத்துக்குப் போறது அதுட இயல்பு என்டு நாம பேசுறதுதானே. ஸ்டேட் ஒஃப் நேச்சருக்கு (state of nature, அரசு என்டு ஒண்டு இல்லாத நிலை) "அரசிலா நிலை" என்டு வச்சிரிக்கன், அதையும் பாத்து எழுதுங்க.