லிபெர்டஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம். எட்டாம் வகுப்புத் துணைப்பாட நூலுக்காகப் பண்டை ரோமர் வாழ்க்கை பற்றிய பாடம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். திங்களன்று அச்சுக்குப் போகிறது. உரிமையாளர் விடுதலை செய்த அடிமைக்கு அங்கே லிபெர்டஸ் என்று பெயர். ரோமப் பேச்சாளர் சிசெரோவின் எழுத்தர் டைரோ கி.மு. 53-இல் அப்படி விடுதலையானவர். எசமானரின் பெயரைச் சேர்த்து மார்க்கஸ் டுல்லியஸ் டைரோ ஆனார். குடியுரிமை கிடைக்கும், ஆனால் அரசுப் பதவிக்கு நிற்க முடியாது, பழைய எசமானருக்குச் செய்யவேண்டிய கடமைகளும் விடாது. 'முன்னாள் அடிமை' என்றால் இந்த இரண்டுங்கெட்டான் நிலை வரவில்லை. பாடத்தில் பதினான்கு இடத்தில் வருகிறது. உதவுங்கள்.

*

அம்மா, 'மீளி' என்று போடுங்கள். "மீளா அடிமை உமக்கே ஆளாய்" என்றார் சுந்தரர். மீளாதவர் அவர் என்றால், மீண்டவன் மீளி. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்?

*

புலவர் ஐயா பொறுத்தருள வேண்டும். சங்கப் பாடல்களில் மீளி என்றால் வீரன். பாட்டியல் நூல்களில் ஆணின் பருவப் பெயர்களில் ஒன்று. அதோடு மீள்தல் தன்வினை. இங்கே விடுவிப்பவர் வேறொருவர். லத்தீனையே பாருங்கள்: அடிமையை விடுவிப்பதற்கு அங்கே மானுமிசியோ என்று பெயர். மானுஸ் கை, மிட்டோ விடு. அச்சு அசலாக நம் 'கைவிடுதல்'! ஆகவே 'கைவிடுபெற்றோர்'.

*

> அச்சு அசலாக நம் 'கைவிடுதல்'

சார், "டைரோவைச் சிசெரோ கைவிட்டார்" என்று நான் வகுப்பில் வாசித்தால், "ஐயோ பாவம்" என்பார்கள் பிள்ளைகள்.

*

பாவப்படவும் அங்கே இடமுண்டு, தம்பி. நோயில் விழுந்த அடிமைக்கு வைத்தியம் பார்க்க மனமில்லாத சிலர், ரோமின் டைபர் ஆற்று நடுவே, மருத்துவக் கடவுள் ஈஸ்குலேப்பியஸின் தீவில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அப்படி விடப்பட்டவர்கள் சுதந்திரர், பிழைத்தாலும் எசமானரிடம் திரும்ப வேண்டாம் என்று கிளாடியஸ் பேரரசர் ஆணையிட்டார். கைவிட்டதே விடுதலையாயிற்று! என் சொல்லுக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

*

தன்வினை என்று தள்ளிவிட்டீர்களே. பெக்கூலியம், அதாவது அடிமையின் சேமிப்பு, அதைச் சேர்த்து, விலை கொடுத்துத் தன்னையே மீட்டுக்கொண்டவனும் உண்டல்லவா? அவன் மீண்டவன்தானே? பெக்கூலியத்துக்கே வேர் 'பெக்கு', அதாவது ஆடுமாடு. நமக்கும் மாடு என்றால் செல்வம்: "மாடல்ல மற்றை யவை." இதை விரித்து எழுதினால் நாற்பது பக்கம் வரும்.

*

ஐயா, நாற்பது பக்கம் திங்களுக்குப் பிறகு. விடுதலையின்போது 5 விழுக்காடு வரி கட்டுவதும் அடுத்த பத்தியில் வருகிறது, 'கைவிடல் வரி' என்று எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. பெக்கூலியத்துக்கு என்ன போடட்டும்?

*

சிறுவாடு. எங்கள் அம்மா அரிசிப் பானைக்குள் வைத்திருப்பது.

*

சிறுவாடு ஒளித்து வைப்பது. பெக்கூலியம் எசமானர் அறியச் சேர்ப்பது, சட்டப்படி அவருடையதும்கூட. இருந்தாலும் சொல் நன்றாக இருக்கிறது. விடமாட்டேன் என்று நிற்கவில்லை.

*

அப்போது சிறுவாடு உறுதி. லிபெர்டஸுக்கு 'விடுபெற்றோர்' என்று எழுதிவிடுகிறேன். தனிமடலில் மூன்று பேர் "சரி" என்றார்கள், அதில் ஒருவர் "தூக்கம் வருகிறது, சரி" என்றார்.

*

அச்சில் எது வேண்டுமானாலும் வரட்டும். என் பேரனுக்கு மீளி என்றுதான் சொல்லிக்கொடுப்பேன்.