காரை வீடு ஒழுகுகிறது, மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். வேலையை யாரிடம் கொடுக்கலாம்?

சேர்மாதேவிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். வீடு நெல்லைப் பக்கம் சேர்மாதேவியில் இருக்கிறது, தாத்தா காலத்துக் காரை வீடு, அதாவது சுண்ணாம்பில் கட்டியது. திண்ணை, தார்சா (திண்ணையை அடுத்த முன்கட்டு), பட்டாசல் (கூடம்), அதன் பின்னால் ரெண்டாங்கட்டு, அடுக்களை, கடைசியில் புறவாசல். பட்டாசலுக்கும் ரெண்டாங்கட்டுக்கும் மேலே மட்டும் தட்டட்டி (மரச்சட்டங்கள்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துப் போட்ட மொட்டைத் தளம்), சுமார் 520 சதுர அடி வரும். மற்றதெல்லாம் ஓடு. இரண்டு பக்கமும் பொதுச்சுவர். அம்மா தனியாக இருக்கிறாள். நான் திருப்பூரில் வேலை பார்க்கிறேன், மாதம் ஒரு தடவை வந்து போவேன்.

2023 டிசம்பர் 17, 18 பெருமழையைப் பற்றி நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மழைக்குப் பிறகுதான் பட்டாசலின் வடமேற்கு மூலையில் ஈரத் திட்டு கண்ணில் பட்டது. அப்போது கையகலம், இப்போது ஒரு பாய் அகலம். செங்கல்லுக்கு நடுவே இருக்கும் சுண்ணாம்பு பொடியாக உதிர்கிறது. அம்மா கட்டிலை எதிர் மூலைக்கு மாற்றிவிட்டாள்.

மூன்று பேரைக் கூட்டிவந்து காட்டினேன்.

முதல் ஆள் பத்து நிமிஷம் பார்த்தார். தட்டட்டி மேலே மூன்று இன்ச் சிமெண்ட் கலவை போட்டு, அதன்மேல் வாட்டர்புரூஃப் கோட்டிங் அடித்தால் போதும் என்றார். 1,10,000 ரூபாய்.

இரண்டாவது ஆள் கார் வைத்திருக்கும் காண்ட்ராக்டர். தட்டட்டியைப் பிரித்துவிட்டு கான்கிரீட் போடலாம், பட்டாசலுக்கும் ரெண்டாங்கட்டுக்கும் நடுவே உள்ள சுவரை எடுத்து ஒரே ஹாலாக ஆக்கலாம், டைல்ஸ், வயரிங், உள்ளேயே கக்கூஸ், எல்லாம் சேர்த்து 14 லட்சம் என்றார். பாதிப் பணம் முன்பணம். மூன்று மாதத்தில் சாவி கையில் என்கிறார்.

மூன்றாவது, உள்ளூர்ப் பெரியவர் ஒருவர், கொத்தனார். "இதை இடிக்கவும் வேண்டாம், மூடவும் வேண்டாம், உடைந்த இடத்தை மட்டும் சுண்ணாம்பில் சரி செய்வோம், நாள் கூலி" என்றார். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டால் சிரிக்கிறார்.

எனக்கு இரண்டாவது ஆள்மேல்தான் சாய்வு. பி.டபிள்யூ.டி.யில் பதிவு செய்த காண்ட்ராக்டர் என்று கார்டு கொடுத்தார். சரிதானா?

பாளை சிவில்:

யாருக்கும் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். முதலில் சில விஷயம் சொல்லுங்கள் தம்பி. உங்கள் ஊரில் கடைசி மழை எப்போது? அந்தத் திட்டு இப்போது தொட்டால் ஈரமா, வெறும் கறையா? அதற்கு நேர் மேலே தட்டட்டியில் என்ன இருக்கிறது? மரச்சட்டங்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன, எந்த இரண்டு சுவரில் உட்கார்ந்திருக்கின்றன?

அப்புறம் ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறுங்கள். ஒவ்வொரு சட்டமும் சுவருக்குள் நுழையும் இடத்தில் குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் கால் இன்ச்சுகூட இறங்காது. நடு மரம் இரும்பு மாதிரி இருந்தாலும் நுனி இற்றுப்போயிருக்கும், ஏனென்றால் சுவரின் ஈரம் போய் உட்காரும் இடம் அதுதான். அந்த மூலையில் சுவிட்ச் போர்டு இருந்தால் அந்த லைனின் பியூஸை இன்றைக்கே எடுத்துவிடுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

முதல் ஆள் சொன்னதற்கு மட்டும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு இன்ச் சிமெண்ட் கலவை சதுர அடிக்குச் சுமார் 5 கிலோ. மூன்று இன்ச், 520 சதுர அடி என்றால் ஏழரை டன்னைத் தாண்டும். நுனி இற்றிருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் அந்த மரத்தின்மேல் ஏழரை டன் ஏற்றச் சொல்கிறார்.

கொத்தனார் மகன்:

எங்கள் அப்பா கடைசியாகக் காரைத் தளம் போட்டதை நான் சின்னப் பையனாக நின்று பார்த்திருக்கிறேன். சட்டத்தின்மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துக்குத்தாக, கோணவாக்கில் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள். கடைசியில் மேலே தட்டோடு, அதாவது தட்டையான ஓடு, பதிப்பார்கள். அந்தத் தளம் தண்ணீரைக் கொஞ்சம் குடிக்கும், வெயிலில் திரும்ப வெளியே விட்டுவிடும். மேலே கோட்டிங் அடித்து மூடினால் குடித்த தண்ணீர் மேலே போக வழியில்லாமல் கீழே மரத்துக்கு வரும். உங்கள் வீட்டில் முன்னாடியே யாராவது சிமெண்ட் பூசியிருக்கிறார்களா பாருங்கள் அண்ணே.

பெரியவர் சிரித்ததைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உடைத்துப் பார்க்காமல் நாள் சொல்ல முடியாது என்று அர்த்தம். ஆனால் நாள் கூலியில் ஒரு கஷ்டம் உண்டு. நீங்கள் திருப்பூரில் இருந்தால் இங்கே எத்தனை சித்தாள் வந்தது என்று அம்மாதான் எண்ண வேண்டும்.

ஜங்ஷன்காரன்:

எதுக்கு இவ்வளவு பாடு? இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். பழைய வீட்டுக்குப் போடுகிற பணம் கிணற்றில் போடுகிற பணம்.

பாளை சிவில்:

இரண்டு பக்கமும் பொதுச்சுவர் என்று எழுதியிருக்கிறாரே, கவனித்தீர்களா? அந்த மாதிரித் தெருவில் பல இடங்களில் பக்கத்து வீட்டுச் சட்டங்களும் அதே சுவரில் மறுபக்கமாக உட்கார்ந்திருக்கும். இவர் இடித்தால் அவர் வீட்டுக் கூரைக்குத் தாங்கல் ஆட்டம் காணும். தவிர, புதிதாகக் கட்டினால் திட்ட அனுமதி வாங்க வேண்டும், இப்போதைய விதிப்படி பக்கத்தில் இடம் விடும் கேள்வி வரும். அந்த அகலத்தில் இடம் விட்டால் மிச்சம் இருப்பது ஒரு நடைபாதை.

பாளை டீச்சர்:

நான் பட்ட அனுபவத்தைச் சொல்கிறேன் தம்பி. எங்கள் வீட்டில் குளியலறையும் அடுக்களையும் மாற்ற ஒரு காண்ட்ராக்டரைப் பிடித்தோம். மொத்தத்தில் 60 சதவீதம் முன்னாலேயே வாங்கிக்கொண்டார். நான்கே நாளில் எல்லாவற்றையும் உடைத்துப் போட்டார். எனக்கும் சந்தோஷம், எவ்வளவு வேகம் பாருங்கள் என்று. அப்புறம் ஆளைக் காணோம். வேறு சைட்டில் எங்கள் பணத்தை வைத்து வேலை ஓடிக்கொண்டிருந்தது. நாலு மாதம் பக்கத்து வீட்டில் போய்க் குளித்தோம். அந்தக் கூச்சம் இன்னும் போகவில்லை.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், சேவைக் குறைபாட்டுக்கு வழி உண்டு. 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஆனால் என் கையில் இருந்தது ஒரு பக்கக் காகிதம். அதில் "நல்ல தரத்தில் செய்து தரப்படும்" என்று இருந்தது. எது நல்ல தரம் என்று எதை வைத்துக் காட்டுவது?

இரண்டாவது தடவை ஆள் தேடும்போது கார்டு பார்க்கவில்லை. அவர் வேலை செய்து ஒரு ஐப்பசி மழையாவது பார்த்துவிட்ட இரண்டு வீட்டின் முகவரி கேட்டேன், அவர் இல்லாமல் நானே போனேன். வேலை நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "கடைசியில் எக்ஸ்ட்ரா என்று எவ்வளவு வாங்கினார்?" என்று கேளுங்கள். அப்போதுதான் வீட்டுக்காரி முகம் மாறும்.

சேர்மாதேவிக்காரன்:

சனிக்கிழமை ஊருக்கு வந்தேன். சொன்னதெல்லாம் பார்த்துவிட்டேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

மழை பெய்து ஆறு வாரம் ஆகிறது. திட்டு ஈரமாகவே இருக்கிறது, விரலில் ஒட்டுகிறது. அதற்கு நேர் மேலே 1000 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க் நிற்கிறது. 2016இல் நான்தான் வைத்தேன். நான்கு செங்கல் அடுக்கி, அதன்மேல் ஒரு கடப்பாக் கல். கீழே போகிற பைப் மூட்டில் சொட்டுச் சொட்டாகக் கசிவு. போதாததற்கு அம்மா மோட்டார் போட்டுவிட்டு மறந்தால் வழிகிற தண்ணீரும் அங்கேதான் தேங்குகிறது, ஏனென்றால் டேங்க் வைத்த சமயத்தில் சுற்றிலும் சிமெண்ட் பூசி மேடாக்கி வைத்திருக்கிறோம். மழைமேல் பழி போட்டுக்கொண்டு இரண்டு வருஷத்துக்கு மேலாக டேங்க் தண்ணீரைக் கூரைக்குக் குடிக்கக் கொடுத்திருக்கிறேன். டேங்க்கைக் காலி செய்துவிட்டேன்.

பட்டாசலில் சட்டம் மொத்தம் 14. பன்னிரண்டில் ஸ்க்ரூடிரைவர் இறங்கவே இல்லை. டேங்க்குக்குக் கீழே இருக்கும் இரண்டில் மேற்கு நுனியில் இரண்டு இன்ச் இறங்கியது, மரம் ஈரப் புட்டு மாதிரி வருகிறது.

இன்னொன்று. 14 சட்டமும் ஒரு பக்கம் மேற்கே தார்சாப் பக்கச் சுவரிலும் மறுபக்கம் பட்டாசல் - ரெண்டாங்கட்டு நடுச்சுவரிலும் உட்கார்ந்திருக்கின்றன. ரெண்டாங்கட்டுச் சட்டங்களும் அதே நடுச்சுவரில்தான். அதாவது காண்ட்ராக்டர் எடுத்துவிடலாம் என்ற அந்தச் சுவரில். போன் போட்டுக் கேட்டேன். "அதெல்லாம் வேலை நடக்கும்போது பார்த்துக்கலாம் சார், பீம் குடுத்துருவோம்" என்றார். பீம் எதன்மேல் நிற்கும் என்றேன். முன்பணம் எப்போது போடுவீர்கள் என்றார்.

பாளை சிவில்:

அந்தக் கேள்விக்கு அவர் சொன்ன பதிலிலேயே எல்லாம் இருக்கிறது. கான்கிரீட் போடுவதும் சுவரை எடுப்பதும் முடியாத காரியமில்லை. ஆனால் சுண்ணாம்புச் சுவரில் அப்படிச் செய்வதற்கு முன் தூண், அஸ்திவாரம், சுவரின் தாங்குதிறன் எல்லாவற்றுக்கும் ஒரு வரைபடம் வேண்டும். நான்கு இன்ச் கான்கிரீட் தளமே சதுர அடிக்கு 23 கிலோ வரும். அவர் எஸ்டிமேட்டில் கம்பியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது?

பதிவு கார்டைப் பற்றி: பொதுப்பணித்துறைப் பதிவு என்பது அரசு டெண்டர் எடுப்பதற்கு. எவ்வளவு பெரிய வேலை வரை எடுக்கலாம் என்பதற்கான வகுப்பு அது. பாலம் கட்டுகிறவருக்குக் காரைத் தளம் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. உங்களுக்கு வேண்டியது தனியாக ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். அவர் வேலை எடுக்கிறவராக இருக்கக் கூடாது, பார்த்துச் சொல்வதற்கு மட்டும் கட்டணம் வாங்குகிறவராக இருக்க வேண்டும். இடிக்கச் சொன்னாலும் விடச் சொன்னாலும் அவருக்கு ஒரே காசு.

சேர்மாதேவிக்காரன்:

எஸ்டிமேட்டில் "கம்பி: முதல் தரம்" என்று இருக்கிறது அண்ணாச்சி. அவ்வளவுதான். டைல்ஸுக்கு மட்டும் அரைப் பக்கம்.

பாளை சிவில்:

சிரிப்பு வருகிறது, ஆனால் முக்கால்வாசி எஸ்டிமேட் இப்படித்தான். எத்தனை எம்.எம். கம்பி, எவ்வளவு இடைவெளி, எந்த கிரேடு என்று இருக்க வேண்டும். 12 எம்.எம். கம்பி 12 மீட்டர் நீளம் என்றால் கிட்டத்தட்ட 10.7 கிலோ நிற்க வேண்டும். லோடு இறங்கும்போது ஒன்றை எடைபோட்டுப் பார்க்கலாம். இந்தத் தடவை உங்களுக்கு இது தேவைப்படாது, மாடி எடுக்கும் வேறு யாருக்காவது ஆகும் என்று எழுதுகிறேன்.

கொத்தனார் மகன்:

அண்ணே, பெரியவரிடமே போங்கள். ஆனால் நாள் கூலி வேண்டாம், வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பேசுங்கள். டேங்க்கை இறக்குவது ஒன்று. அந்த மூலையில் சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுப்பது ஒன்று. ஆசாரி வேலை தனி. மேல்காரையும் தட்டோடும் தனி. ஒவ்வொன்றும் முடிந்ததும் அதற்கான காசு. பெரியவருக்கும் அது மரியாதை. சட்டத்தை மாற்றும்போது கீழே முட்டுக் கொடுத்த பிறகுதான் நுனியைத் தொட வேண்டும், அதை ஆசாரியிடம் விட்டுவிடாதீர்கள், இன்ஜினியர் நிற்கிற அன்றைக்குச் செய்யுங்கள். பங்குனி வெயிலில் சுண்ணாம்பு சீக்கிரம் காய்ந்து வெடிக்கும், ஈரச் சாக்கு போட்டு மூடி வைக்க அம்மாவிடம் சொல்லுங்கள்.

பாளை டீச்சர்:

எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள் தம்பி, பெரியவர் என்றாலும். எழுதச் சொன்னால் கோபித்துக்கொள்வார் என்று பயம் வேண்டாம், நீங்களே எழுதிப் படித்துக் காட்டுங்கள். கொஞ்சம் பணத்தை அடுத்த மழை வரைக்கும் நிறுத்தி வையுங்கள். உள்ளே கக்கூஸ் வேண்டும் என்ற விஷயம் என்ன ஆயிற்று? அம்மாவுக்கு அதுதானே அவசரம்? ராத்திரியில் புறவாசல் வரை நடப்பது நல்லதில்லை.

சேர்மாதேவிக்காரன்:

அம்மாவுக்கு உள்ளே கக்கூஸ் வைப்பதில் இஷ்டமே இல்லை அக்கா, அது எங்கள் வீட்டில் ஒரு வருஷச் சண்டை. கடைசியில் ரெண்டாங்கட்டிலிருந்து புறவாசலுக்குப் போகிற இடத்தில் கூரை போட்டு, படியை எடுத்துச் சரிவாக்கி, கைப்பிடி வைத்து, உட்காரும் கக்கூஸாக மாற்றுவது என்று சமாதானம் ஆகியிருக்கிறது.

இன்ஜினியர் ஒருவர் பாளையங்கோட்டையிலிருந்து வந்து பார்த்தார். 3,500 ரூபாய் வாங்கினார், இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். இற்ற நுனிகளை வெட்டிவிட்டு, நல்ல மரத்தோடு இரண்டு பக்கமும் இரும்புச் சானல் வைத்துப் போல்ட் போடச் சொன்னார். டேங்க் புறவாசலில் தனி ஸ்டாண்டுக்குப் போகிறது. பெரியவர் ஒப்புக்கொண்டார். துண்டு துண்டாகப் பேசியதில் எல்லாம் சேர்த்து 1,85,000 வருகிறது, கக்கூஸ் தனி. காகிதத்தை அவரே வாங்கி, கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார். கடுக்காய் மட்டும் நான் வாங்கிவர வேண்டுமாம், டவுனில் நாட்டு மருந்துக் கடையில் சொல்லிவைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். தட்டோடு பதித்து முடித்ததும் வேலை சரியாக இருக்கிறது என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது? மழைக்கு இன்னும் மாசக்கணக்கு இருக்கிறதே.

பாளை சிவில்:

காரைத் தளத்தில் கான்கிரீட் தளத்துக்குச் செய்கிற மாதிரி பாத்தி கட்டித் தண்ணீரை நாள் கணக்கில் நிறுத்தாதீர்கள். நாலு மூலையிலும் ஆளுக்கொரு குடம் ஊற்றச் சொல்லுங்கள். தண்ணீர் தானாகத் தூம்புக்கு, அதாவது தண்ணீர் வெளியேறும் குழாய்க்கு, ஓடிவர வேண்டும். அரைமணி நேரம் கழித்துப் போய், எங்கெல்லாம் தேங்கி நிற்கிறதோ அங்கெல்லாம் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். வட்டம் போட்ட இடத்தைச் சரி செய்து, திரும்ப ஊற்றிக் காட்டிய பிறகு அந்த வேலைக்கான தவணை.

சேர்மாதேவிக்காரன்:

சரி அண்ணாச்சி. சாக்பீஸ் டீச்சர் அக்காவிடம் வாங்கிக்கொள்கிறேன்.