மாஸ்க்கோடு எடுத்த குரல் பதிவை எப்படி ஒப்பிடுவது?

வணக்கம். மதுரையில் ஸ்பீச் தெரபிஸ்ட்டாக வேலை பார்க்கிறேன். குரல் அளவீடு செய்கிறவர்கள் வழி சொல்லுங்கள்.

உசிலம்பட்டிப் பக்கத்து ஆசிரியை ஒருவர், தொண்டை கட்டிக்கொண்டு குரல் கம்மியதால் சிகிச்சைக்கு வருகிறார். முதல் பதிவு மாஸ்க் இல்லாமல் எடுத்தது. இப்போது காசநோய்க்குச் சளிப் பரிசோதனை நடப்பதால் சர்ஜிகல் மாஸ்க்கைக் கழற்றச் சொல்ல முடியாது. மைக்கை அதே 30 செ.மீ. தூரத்தில் வைத்து ‘ஆ’ என்று இழுக்கச் சொன்னேன். பிராட் (Praat) என்ற குரல் ஆய்வு மென்பொருளில் பார்த்தால் சுருதி கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. 2000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் ஒலி குறைந்திருக்கிறது. மாஸ்க் அந்த மேல் அதிர்வெண்களைத்தான் அதிகம் அமுக்கும், என்95 என்றால் இன்னும் கூடுதலாக. ஆனால் குரல் நாண் சரியாக மூடாமல் காற்று கசிந்தாலும் அந்த இடத்தில் மாற்றம் வருமே! எது மாஸ்க், எது நோய் என்று எப்படிப் பிரிப்பது?

குரல் நன்றாக இருப்பவர்களை அதே மாஸ்க், அதே மைக்கில் இரண்டு விதமாகவும் பதிந்து, வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தவர்கள் உண்டா? மாஸ்க் போட்டால் பலர் தன்னையறியாமல் சத்தத்தைக் கூட்டிவிடுகிறார்கள், அப்புறம் டெசிபல் கணக்கை எப்படி நம்புவது?

குரல் தேறியிருக்கிறதா என்று அந்த அம்மா ஒவ்வொரு முறையும் கேட்கிறார். சரியான பதில் சொல்ல வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் அவசியம் எழுதுங்கள்.