மாலையில் மின் உற்பத்தி சரிகிறது: சோலார் பேனல்களை நேர் தெற்கே திருப்ப வேண்டுமா?

வைகைக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சென்ற ஜூலை மாதம் 540 வாட் பேனல்கள் ஆறு பொருத்தினோம். மொத்தம் 3.24 கிலோவாட், ஆறும் ஒரே வரிசைத் தொடரில் இணைக்கப்பட்டு பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் 3 கிலோவாட் இன்வெர்ட்டருக்குப் போகின்றன. பி.எம். சூர்ய கர் திட்டத்தின்கீழ் 78,000 ரூபாய் மானியமும் வந்துவிட்டது. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் நல்ல வெயில் நாளில் 13 யூனிட்டுக்குக் குறையாமல் கிடைத்தது. நவம்பர் தொடக்கத்திலிருந்து உற்பத்தி குறைந்துகொண்டே வந்து, இப்போது டிசம்பர் மூன்றாம் வாரத்தில் 11 யூனிட்டைத் தாண்டுவதில்லை. மழைக்கால மேகத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. துளி மேகமில்லாத நாள்களை மட்டுமே ஒப்பிடுகிறேன்.

எங்கள் மனை திசைக்குச் சற்றுக் கோணலாக அமைந்திருப்பதால், பேனல்கள் நேர் தெற்கே பார்க்காமல், தெற்கிலிருந்து ஏறத்தாழ 30 பாகை கிழக்கே திரும்பி, 10 பாகைச் சாய்வில் நிற்கின்றன. இதுதான் குறை என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். சாய்வு 30 பாகையாவது இருக்க வேண்டும் என்று ஒரு ஜெர்மன் காணொளியில் பார்த்தேன். மெல்பர்னில் இருக்கும் என் தம்பியோ அங்கே எல்லோரும் வடக்கே பார்த்துத்தான் வைக்கிறார்கள் என்று சொல்லி என்னை மேலும் குழப்பிவிட்டான். பேனல்களை நேர் தெற்கே திருப்பி மாட்ட, பொருத்தியவர்கள் 14,000 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கோவை மின்பணியாளர்:

பணத்தைக் கொடுப்பதற்கு முன்பு சற்றுப் பொறுங்கள். முதலில் உங்கள் தம்பியின் கணக்கை முடித்துவிடுகிறேன். மெல்பர்ன் பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஏறத்தாழ 38 பாகையில் இருக்கிறது. அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் வடவானில்தான் நிற்கும். ஜெர்மனி வடக்கே 47 முதல் 55 பாகை வரை பரவிக் கிடக்கும் நாடு. அங்கே சூரியன் உச்சிக்கு வருவதே இல்லை என்பதால் செங்குத்தான சாய்வு தேவைப்படுகிறது. இருவரும் தத்தம் ஊருக்குச் சரியாகத்தான் சொல்கிறார்கள்.

மதுரை வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்டு கடைசியிலும் சூரியன் உங்கள் தலைக்கு நேர் மேலே வரும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் உங்களுக்கு வடக்கே நிற்கும். ஜூன் 21 அன்று அது உச்சியிலிருந்து 13.5 பாகை வடக்கே. டிசம்பர் 21 அன்று 33 பாகைக்குச் சற்று மேல் தெற்கே. ஆகவே தெற்கே பார்ப்பது நமக்கு நல்லதுதான் என்றாலும், வடநாட்டிலோ ஐரோப்பாவிலோ உள்ள அளவுக்கு அது உயிர்நாடி அல்ல.

இனி உங்கள் 30 பாகைக் கோணலுக்கு வருவோம். 10 பாகை போன்ற சிறிய சாய்வை இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். உங்கள் பேனல் தெற்கு நோக்கி 8.7 பாகையும் கிழக்கு நோக்கி 5 பாகையும் சாய்ந்திருக்கிறது என்று கொள்ளுங்கள். நேர் தெற்கே திருப்பினால் அந்த 8.7 என்பது 10 ஆகும். கிழக்குச் சாய்வு காலையில் கூட்டுவதும் மாலையில் குறைப்பதும் பெரும்பாலும் சரிக்குச் சரியாகிவிடும். ஓராண்டுக் கணக்கில் இந்த வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றைக்கூட எட்டாது. 13 யூனிட் 11 ஆனதற்குத் திசை காரணமாக இருக்க முடியாது. அதைவிட, பேனல் தெற்கே சாய்ந்திருப்பதால் டிசம்பர் மாதத் தெளிந்த நாளில் ஜூலைக்கு ஏறத்தாழ இணையாகவே உங்களுக்குக் கிடைக்க வேண்டும்.

இன்வெர்ட்டரின் செயலியில் ஒரு நாளின் உற்பத்தி வரைபடம் இருக்கும். மேகமில்லாத நாள் ஒன்றை எடுத்து, கோடு எந்த நேரத்தில், எப்படி இறங்குகிறது என்று சொல்லுங்கள். திசை தவறியிருந்தால் கோடு வழவழப்பாகவே இருக்கும், அதன் உச்சி மட்டும் முன்னோ பின்னோ நகர்ந்திருக்கும். உச்சி வெட்டியெடுத்தாற்போல் தட்டையாக இருந்தால் இன்வெர்ட்டர் தன் எல்லையைத் தொட்டுவிட்டது என்று பொருள். திடீரென்று சுழியத்துக்கு விழுந்து சில நிமிடம் கழித்து மீண்டும் எழுந்தால், தெருவின் மின்னழுத்தம் அளவுக்கு மேல் ஏறி இன்வெர்ட்டர் தானாக விலகிக்கொள்கிறது. படிக்கட்டுப்போல் இறங்கினால் நிழல்.

வைகைக்கரை:

மிக்க நன்றி ஐயா. நேற்றைய வரைபடத்தைப் பார்த்தேன். நண்பகலைச் சுற்றி அழகாக வளைந்து, 2.15 மணிக்கு 1,800 வாட்டிலிருந்து சட்டென்று 1,200 வாட்டுக்கு இறங்குகிறது. பிறகு 2.50 மணியளவில் இன்னொரு படி இறங்கி, 500 வாட்டுக்கு அருகில் இழுத்துக்கொண்டே போகிறது. ஆனால் காலை ஒன்பது மணிக்குப் பேனல்களைத் துடைக்கப் போகும்போது எங்கும் நிழல் இருப்பதில்லை. பொருத்த வந்தவர்களும் ஜூலையில் மாலை நான்கு மணி வரை மாடியில் நின்று பார்த்துவிட்டு, நிழலே இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

கோவை மின்பணியாளர்:

1,800க்கு 1,200 என்பது ஆறுக்கு நான்கு. இரண்டு பேனல்கள் முழுவதுமாக வேலையை நிறுத்திவிட்டன என்பதை உங்கள் இன்வெர்ட்டரே எண்ணிச் சொல்லிவிட்டது. தொடரில் இணைத்த பேனல்களில் ஒரே மின்னோட்டம்தான் ஓட முடியும். நிழலில் சிக்கிய பேனல் அந்த ஓட்டத்தைத் தர முடியாதபோது, அதன் பின்புறப் பெட்டியில் உள்ள பைபாஸ் டையோடுகள் அதைச் சுற்றிக்கொண்டு போக வழிவிடுகின்றன. ஓட்டம் தடைபடுவதில்லை, அந்தப் பேனலின் மின்னழுத்தம் மட்டும் கணக்கிலிருந்து கழிந்துவிடுகிறது. அதனால்தான் கோடு சரிவாக இறங்காமல் படிபடியாக இறங்குகிறது.

படிக்கட்டு அறையும் அதன்மேல் தண்ணீர்த் தொட்டியும் உங்கள் மாடியின் தென்மேற்கு மூலையில்தானே இருக்கின்றன? நீங்கள் சொல்லாமலேயே கேட்கிறேன். நம் ஊரில் வாஸ்து பார்த்துக் கட்டிய வீடுகளில் கன்னி மூலை உயர்ந்திருக்க வேண்டும் என்று தொட்டியை அங்கேதான் ஏற்றுவார்கள். டிசம்பர் மாதப் பிற்பகல் சூரியன் நிற்பதும் அதே மூலையில்தான். மதுரையில் இந்த வாரம் மூன்றேகால் மணிக்குச் சூரியன் தெற்கிலிருந்து 52 பாகை மேற்கே, அடிவானிலிருந்து 35 பாகை உயரத்தில் இருக்கும். ஜூலை நடுவில் அதே நேரத்தில் அது மேற்குக்கும் சற்று வடக்கே நகர்ந்து, ஏறத்தாழ 47 பாகை உயரத்தில் இருந்திருக்கும். தொட்டியின் நிழல் கிழக்கும் தென்கிழக்குமாக, பேனல்கள் இல்லாத பக்கம் விழுந்திருக்கும். வந்தவர்கள் பொய் சொல்லவில்லை. ஜூலையில் பார்த்ததை ஆண்டு முழுவதற்கும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

தொட்டியின் உச்சி தளத்திலிருந்து எவ்வளவு உயரம், பேனலின் கீழ் விளிம்பு எவ்வளவு உயரம், இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதுங்கள்.

நாஞ்சில் ஓடு:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். இழையைத் திசைதிருப்பும் எண்ணம் இல்லை. நாகர்கோவிலில் எங்களுடையது ஓட்டு வீடு. கூரை வடக்கும் தெற்குமாக 25 பாகை சரிந்திருக்கிறது. தெற்குச் சரிவு முழுவதும் பலாமர நிழல். வடக்குச் சரிவில் வைத்தால் வீணாகுமா?

கோவை மின்பணியாளர்:

உங்களுக்குச் சாய்வு அதிகம் என்பதால் கணக்கு மாறுகிறது. நண்பகலின் நேர்க்கதிரை மட்டும் வைத்துப் பார்த்தால், டிசம்பர் 21 அன்று 25 பாகைத் தெற்குச் சரிவு அதில் 99 சதவீதத்தை ஏந்தும், வடக்குச் சரிவு 55 சதவீதத்தைத்தான் ஏந்தும். ஜூன் 21 அன்று வடக்குச் சரிவு 99, தெற்குச் சரிவு 76. ஆண்டு முழுவதும் சேர்த்தால் வடக்கு பின்தங்கும். ஆனாலும், பலாமர நிழலில் கிடக்கும் தெற்கைவிட வெயில் படும் வடக்கு எவ்வளவோ மேல். கூரையின் வடக்குச் சரிவில் தாழ்ந்த பக்கத்துக் கால்களை உயர்த்தி, பேனலின் சாய்வை 10 பாகைக்குக் கொண்டுவர முடிந்தால் இழப்பு இன்னும் சுருங்கும். காற்று அடியில் புகுந்து தூக்காதபடி கட்டுமானத்தை இறுக்கமாகச் செய்யச் சொல்லுங்கள். பலாவை வெட்ட வேண்டாம்.

வைகைக்கரை:

அளந்துவிட்டேன். நீங்கள் சொன்னபடியே தொட்டி தென்மேற்கு மூலையில்தான் இருக்கிறது. அதன் உச்சி தளத்திலிருந்து 3.7 மீட்டர், பேனலின் கீழ் விளிம்பு 0.6 மீட்டர், முதல் பேனல் வரை தூரம் 3 மீட்டர். நேற்று மதியம் இரண்டு மணியிலிருந்து கால் மணிக்கு ஒருமுறை கைபேசியில் படம் எடுத்தேன். 2.15 படத்தில் மேற்கு ஓரத்து இரண்டு பேனல்களும், 2.50க்கு நான்கும் நிழலுக்குள் இருக்கின்றன. வரைபடத்தின் படிகளும் படங்களும் அப்படியே பொருந்துகின்றன.

தொட்டியை இறக்கி வேறு மூலையில் வைக்கலாமா என்று வீட்டில் மெல்லக் கேட்டேன். என் தாயார் அதற்கு அளித்த பதிலை இங்கே எழுதாமல் விடுகிறேன். நிழல் படும் பேனல்களுக்கு ஆப்டிமைசர் (ஒவ்வொரு பேனலையும் தனித்தனியாக இயக்கும் கருவி) வாங்கலாமா?

கோவை மின்பணியாளர்:

தொட்டிக்கும் பேனலுக்கும் உள்ள உயர வித்தியாசம் 3.1 மீட்டர். அந்த உயரத்தின் நிழல் 3 மீட்டர் நீள்வதற்குச் சூரியன் 46 பாகைக்கு இறங்க வேண்டும். இந்த வாரத்தில் அது நடப்பது 2.15க்குத்தான். மதுரையில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, இப்போது 12.17க்கு என்பதை மறந்துவிட்டுக் கணக்குப் போடுபவர்கள்தான் அதிகம். பேனல்களைத் தொட்டியிலிருந்து இன்னும் 2.5 மீட்டர் விலக்கி, வடகிழக்கே நகர்த்தினால் தூரம் 5.5 மீட்டர் ஆகும். நிழல் வந்து சேர 3.45 மணி ஆகிவிடும். அதற்குப் பிறகு கிடைக்கக்கூடிய மின்சாரம் ஒரு நாளின் மொத்தத்தில் சிறிய பங்குதான். மாடியில் இடம் இருந்தால் இதுவே எளிய வழி.

ஆப்டிமைசர் நிழலில் இருக்கும் பேனலிலிருந்து வெயிலை உண்டாக்கித் தராது. பாதி நிழல், அங்கொன்றும் இங்கொன்றுமாக விழும் கிளை நிழல் போன்றவற்றுக்கு அது உதவும். உங்களுடையது முழுப் பேனலையும் மூடும் நிழல். அந்த வேலையைப் பைபாஸ் டையோடுகளே ஏறத்தாழ செய்துகொண்டிருக்கின்றன. பேனல்களைக் கிழக்கும் மேற்குமாகப் பிரித்து வைப்பதாக இருந்தால் மட்டும் ஒரு விதி: இரு திசைப் பேனல்களையும் ஒரே தொடரில் கோக்கக் கூடாது, இன்வெர்ட்டரில் தனித்தனி எம்.பி.பி.டி. (ஒரு தொடரிலிருந்து அதிகபட்ச மின்திறனை எடுக்கும் பகுதி) உள்ளீட்டில் தர வேண்டும்.

சாய்வை 10 பாகையிலேயே விட்டுவிடுங்கள். அதைவிடத் தட்டையாக வைத்தால் மழைநீர் வழியாமல் கீழ்ச் சட்டத்தின் ஓரத்தில் புழுதி படியும். உயர்த்தினால் ஆடிக் காற்றுக்குப் பாய்மரமாகிவிடும். இடம் மாற்றும்போது திசையைக் கைபேசியின் திசைகாட்டியை இரும்புத் தாங்கியின் மேல் வைத்துப் பார்க்காதீர்கள், முள் விலகும். ஒரு கோலைச் செங்குத்தாக நட்டு, அதன் நிழல் மிகக் குறுகும் வேளையில் கோடு போட்டால் அதுவே வடக்கு-தெற்கு. சிற்பிகள் சங்கு நட்டுத் திசை கண்டதும் இப்படி நிழலை வைத்துத்தான்.

ஒன்றும் செய்யாமல் விட்டாலும் பிப்ரவரி முதல் வாரத்துக்குப் பிறகு இந்தக் குறை தானாக மறையும். நவம்பர் முதல் வாரத்தில் சூரியன் எங்கே இருந்ததோ, அதே இடத்துக்கு அப்போது திரும்பியிருக்கும். ஆனால் அடுத்த நவம்பரில் மீண்டும் வரும்.

வைகைக்கரை (ஜனவரி இரண்டாம் வாரம்):

பொங்கலுக்கு முன்பே வேலையை முடித்துவிட்டோம். திசையை மாற்றாமல், அதே 30 பாகைக் கோணலில், தாங்கியோடு சேர்த்து 2.5 மீட்டர் நகர்த்தினார்கள். தளத்தில் போட்ட பழைய துளைகளுக்கு நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு தனியாகப் போட வேண்டியிருந்தது. எனவே அந்த 14,000 ரூபாயோடு இன்னும் 1,500 சேர்ந்தது. நேற்றும் இன்றும் வானம் தெளிவாக இருந்தது. 12.8 யூனிட், 12.9 யூனிட். வரைபடத்தில் முதல் படி இப்போது 3.50க்கு விழுகிறது. தொட்டி கன்னி மூலையிலேயே இருக்கிறது.