லிம் சூ காங்கில் மண்பாண்ட வகுப்பு: வெடித்த பானைகளும் ஞாயிற்றுக்கிழமை வந்த தம்பியும்

லிம் சூ காங்கில், ஒரு செடிப் பண்ணைக்குப் பின்னால் இருந்த பழைய கொட்டகையை வாடகைக்கு எடுத்து மண்பாண்ட வகுப்பு நடத்துகிறேன். ஆறு வருடம் ஆகிறது. இரண்டு சக்கரம், ஒரு மின்சூளை, ஒரு நீள மேசை, அவ்வளவுதான். இந்தப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், இதுவும் சிங்கப்பூர்தானா என்று கேட்க வைக்கும் இடம். தெங்கா விமானப் படைத்தளத்திலிருந்து கிளம்பும் விமானம் தலைக்கு மேல் போனால் பேச்சை நிறுத்திவிட்டு, அது கடந்த பிறகுதான் விட்ட இடத்திலிருந்து தொடர முடியும்.

தொடங்கியபோது எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி, "இவ்வளவு தூரம் யார் வருவாங்க?" என்பதுதான். வந்தார்கள். ஆனால் தூரம் வேறு வகையில் என்னை மாட்டிவிட்டது. பொங்கோலிலிருந்தும் பிடோக்கிலிருந்தும் வருகிறவர்கள் இன்னொரு முறை வரத் தயங்கினார்கள். ஒரே வகுப்பில் எல்லாம் முடிய வேண்டும், சுட்ட பொருள் சீக்கிரம் கைக்கு வர வேண்டும். நானும் சரி சரி என்று தலையாட்டிப் பழகிவிட்டேன்.

அந்தப் பழக்கம் என்ன செய்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் டிசம்பர் பள்ளி விடுமுறையில் பதினெட்டுப் பிள்ளைகள் வந்து சின்னச் சின்னப் பொங்கல் பானை செய்தார்கள். ஜனவரி முதல் வாரத்துக்குள் பானை வேண்டும் என்று பெற்றோர் கேட்டார்கள். அப்போது வடகிழக்குப் பருவமழை. துவைத்த துணியே மூன்று நாள் காயாத காலம். பன்னிரண்டாம் நாள் பானைகளைத் தொட்டுப் பார்த்தேன், வெளுத்துக் காய்ந்த மாதிரித்தான் இருந்தன. சூளையில் அடுக்கிவிட்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்து உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை.

மண்ணுக்குள் ஈரம் தங்கியிருந்தால், சூடு 100 பாகையைத் தொடும்போது அது ஆவியாகும். வெளியே வர வழி இல்லாவிட்டால் பானையைப் பிளந்துகொண்டு வரும். புத்தகத்தில் படித்ததுதான், வகுப்பில் நானே சொல்லிக் கொடுத்ததுதான். மறுநாள் திறந்தால் பதினொரு பானை சில்லுச் சில்லாகக் கிடந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் நானே போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். ஏழு வயதுப் பெண் ஒருத்தி அம்மாவோடு நேரில் வந்து, ஓட்டுக் குவியலைக் கிளறி, தன் கட்டைவிரல் பதிந்த ஒரு துண்டைக் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு போனாள். அழவில்லை. எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு, பக்கத்துப் பண்ணையில் வேலை செய்பவரைப் பார்க்க வந்த ஒரு தம்பி வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். கட்டுமான வேலை, தங்குவிடுதியில் இருக்கிறார், ஊர் மானாமதுரைப் பக்கம். "உள்ளே வாங்க தம்பி" என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். அலமாரியில் காயவைத்திருந்த ஒரு குவளையை எடுத்து, அதன் அடிப்பாகத்தைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"அக்கா, இது காயலை. மேலதான் காஞ்சிருக்கு, அடியில ஈரம் நிக்குது."

நானும் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். விளிம்பு சாதாரணமாக இருந்தது, அடி ஜில்லென்று இருந்தது. ஈரம் ஆவியாகிக்கொண்டிருக்கும் இடம் குளிர்ந்திருக்கும். விரலைவிடக் கன்னத்துக்கு அது நன்றாகத் தெரிகிறது. நான் பானைகளைப் பிளாஸ்டிக் பலகையில் உட்காரவைத்துக் காயவைத்திருந்தேன். அடியில் காற்றே படவில்லை.

அவருடைய தாத்தா பானை வனையும் வேளார், சூளை வைத்திருந்தவராம். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்ததை நான் சொல்ல, அவருக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் சக்கரத்தில் உட்கார்ந்தார். அடி இல்லாமல் கழுத்தும் உடம்பும் மட்டும் வனைந்து அறுத்து எடுத்தார். பாதி உலர்ந்ததும் உள்ளே ஒரு கல்லைக் கொடுத்து, வெளியே மரத்தட்டையால் தட்டித் தட்டி அடியை மூடினார். ஒவ்வொரு தட்டுக்கும் மண் கொஞ்சம் நகர்ந்து, ஓட்டை சுருங்கி, கடைசியில் ஒரு காசளவு வந்து மூடிக்கொண்டது. அடி முழுக்க ஒரே கனம். நாங்கள் ஸ்டூடியோவில் வனையும் பாத்திரத்தில் அடியில்தான் மண் தடித்து நிற்கும், அங்கேதான் ஈரமும் தங்கும். தட்டி மூடிய பானையில் அந்தத் தடிப்பே இல்லை.

வகுப்பு எடுக்கச் சொல்லிக் கூலி கொடுக்க ஆசைதான். ஆனால் வேலை அனுமதியில் இருப்பவர் தன் முதலாளியைத் தவிர வேறு யாரிடமும் வேலை செய்யக் கூடாது. அவருக்குச் சிக்கல் வரக்கூடாது என்பதால் விருந்தாளியாகவே வந்தார், தனக்காகப் பானை செய்தார், பகலில் எங்களோடு சாப்பிட்டார். எட்டு மாதம், ஓய்வு கிடைத்த ஞாயிறுகளில். பிறகு ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டார்.

இப்போது என்னிடம் ஒரே நாள் வகுப்பு கிடையாது. குறைந்தது இரண்டு வருகை, நடுவில் மூன்று வாரம். கம்பி வலைமேல் கவிழ்த்துக் காயவைக்கிறேன். சூளையை முதல் இரவு முழுக்க 90 பாகைக்குள்ளேயே வைத்து, காலையில்தான் ஏற்றுகிறேன். முதல் ஆறு மாதம் வருமானம் பாதியாகக் குறைந்தது உண்மை. ஆனால் இரண்டாவது முறை வந்தவர்கள் மூன்றாவது முறையும் வருகிறார்கள். உங்களுக்கு இப்படி யாராவது வந்தார்களா? எழுதுங்கள்.

*

மறுமொழி, தெம்பனிஸிலிருந்து

நான் நீர்வண்ண ஓவியம் சொல்லிக் கொடுக்கிறேன். மாதம் ஒரு முறை சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்குக் கூட்டிக்கொண்டு போவேன். காலை ஏழரைக்குத் தாள் காயவே காயாது. ஒரு பாட்டி, எழுபது வயதுக்கு மேல், இரண்டாவது வண்ணம் பூசக் காத்திருந்த நேரத்தில் ஒரு நீர் உடும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் உடும்பைத்தான் வரைந்தார், சதுப்பை அல்ல. முன்பெல்லாம் முடி உலர்த்தும் கருவி எடுத்துப் போவேன். அன்றோடு விட்டுவிட்டேன்.

மறுமொழி, ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து

லோரோங் தாவாஸில் இருக்கும் தாவ் குவாங் டிராகன் சூளைக்குப் போயிருக்கிறீர்களா? சரிவில் டிராகன் மாதிரி நீளமாக 1940ல் கட்டியது, விறகில் எரிவது. சிங்கப்பூரில் மிஞ்சியிருப்பது இந்த மாதிரி இரண்டுதான். அந்தக் காலத்தில் அங்கே ரப்பர் பால் பிடிக்கும் கோப்பை செய்தார்கள் என்று கேட்டதும் எனக்கு என்னவோ செய்தது. எங்கள் அப்பா ஜொகூர் தோட்டத்தில் மரம் சீவியவர். அவர் கையில் இருந்த கோப்பை எந்தச் சூளையில் வெந்ததோ என்று நினைத்துக்கொண்டே அந்தச் சுவரைத் தொட்டேன்.

ஒரு கேள்வி. உங்கள் வகுப்புக்கு, அரசாங்கம் பயிற்சிக்காகக் கொடுக்கும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பணத்தைப் பயன்படுத்த முடியுமா?

எழுதியவரின் பதில்

முடியாது ஐயா. அங்கீகாரம் பெற்ற வகுப்புகளுக்கு மட்டும்தான் அந்தப் பணம் செல்லும், நான் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. இரண்டு வருகைக்கும் சேர்த்து 95 வெள்ளி, மண்ணும் சூளையும் அதிலேயே அடக்கம். மூத்தோருக்கு 60.

அப்பாவைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு நீண்ட நேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் தாத்தாவும் ஜொகூரில் மரம் சீவியவர்தான்.

தம்பி போகும்போது அந்த மரத்தட்டையை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். கல்லை மட்டும் எடுத்துக்கொண்டார், அது தாத்தாவுடையது. இங்கே ஆற்றுக்கல் எதுவும் கைக்குச் சரியாக அமையவில்லை. போன மாதம் கல்லுக்குப் பதிலாக, அந்தத் தட்டையின் அளவுக்கு மண்ணிலேயே ஒரு குமிழ் செய்து, கைப்பிடி வைத்துச் சுட்டேன். அதற்கும் மூன்று வாரம் காய விட்டேன். வேலை செய்கிறது. வருகிறவர்கள் தட்டிப் பார்க்கலாம், ஞாயிறு காலை பத்து மணியிலிருந்து இருப்பேன். 975 பேருந்தில் வந்தால் இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டும், குடை எடுத்து வாருங்கள்.